மழலை வகுப்பில் உயிர்த்த ஞாயிறு: எதைச் சொல்வது, எதை விடுவது?

கடுகுமணி

ஞாயிறு பள்ளியில் 3 வயது முதல் 8 வயது வரை எல்லாரும் ஒரே அறை. 18 பிள்ளைகள், 2 பேர் ஆசிரியர்கள், 45 நிமிடம். குருத்தோலை ஞாயிறு ஒன்று, அடுத்த வாரம் உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) ஒன்று, ஆக இரண்டே வகுப்புகள். முட்டை, முயல், வண்ணம் தீட்டும் தாள் எல்லாம் தேடினால் குவிகிறது. ஆனால் பண்டிகையின் பொருள் பிள்ளை மனதில் நிற்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? சிலுவையை எவ்வளவு சொல்வது? கையால் செய்துகாட்டும் பொருள் ஏதாவது இருந்தால் அளவோடு சொல்லுங்கள்.

மழலைவகுப்பு

முதலில் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்: பாடம் காலிக் கல்லறையோடு முடியக்கூடாது. பெரும்பாலான பாடத்திட்டங்கள் அங்கேதான் நிறுத்துகின்றன. கல் புரண்டது, உள்ளே யாரும் இல்லை, அல்லேலூயா, வண்ணம் தீட்டு. நாலு வயதுப் பிள்ளைக்கு "உள்ளே இல்லை" என்றால் "காணாமல் போய்விட்டார்" என்றுதான் பொருள். அம்மா அறையில் இல்லை என்றால் அதற்குச் சந்தோஷமா வரும்? அழுகைதான் வரும். இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா மரியாளும் கல்லறை வாசலில் அப்படித்தான் அழுதாள்.

ஆகவே யோவான் 20:11-18 தான் உங்கள் பாடம். மரியாள் அழுதுகொண்டு நிற்கிறாள். பின்னால் ஒருவர் நிற்கிறார். தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அவர் "மரியாளே" என்கிறார். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு யாரென்று தெரிந்துவிடுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பண்டிகையின் பொருளை இந்த வயதுக்கு இதைவிட நேராகச் சொல்ல வழி இல்லை: இயேசு உயிரோடு இருக்கிறார், அவளை அவருக்குத் தெரியும்.

இன்னொன்று, ஒரே சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறையில் மாற்கின்படி வெள்ளை அங்கி உடுத்த வாலிபன் ஒருவன், லூக்காவில் இரண்டு பேர், மத்தேயுவில் பூமியதிர்ச்சி, காவலர்கள். நான்கையும் கலந்து ஒரே மூச்சில் சொன்னால் சின்னவர்களுக்குத் தலைகால் புரியாது, பெரியவர்கள் (ஏழு, எட்டு வயதுக்காரர்கள்) "போன வருஷம் ரெண்டு தூதர் சொன்னீங்களே" என்று பிடித்துக்கொள்வார்கள்.

கதை சொல்லும் நேரம்: 3-4 வயதுக்கு 5 நிமிடம், 5-6 வயதுக்கு 8 முதல் 10, அதற்கு மேல் 15. எல்லாரும் ஒரே அறை என்பதால் முதல் 6 நிமிடத்துக்குள் கதை முழுவதும் முடிந்துவிட வேண்டும். பிறகு சின்னவர்களை மண்ணிலும் பொம்மையிலும் விட்டுவிட்டு, மற்றவர்களோடு ஒருவர் பேச்சைத் தொடரலாம்.

விளக்குத்தண்டு

சொற்களைப் பற்றி ஒன்று. "உயிர்த்தெழுந்தார்" என்பது நமக்குப் பழகிய சொல். சின்னப் பிள்ளைக்கு அதில் காதில் விழுவது "எழுந்தார்" மட்டும்தான். காலையில் "எழுந்திரு" என்று எழுப்புகிறோமே, அதே எழுந்தார். அதாவது, வெள்ளிக்கிழமை தூங்கினார், ஞாயிற்றுக்கிழமை முழித்துக்கொண்டார். பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். திருப்பிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

வெறும் தமிழில் சொல்லுங்கள்: "இயேசு இறந்துட்டார். மூச்சு நின்னுடுச்சு. கண்ணு பார்க்கல, காது கேட்கல. அப்புறம் கடவுள் அவருக்கு மறுபடி உயிர் கொடுத்தார். இப்ப உயிரோட இருக்கார், இனிமே சாகவே மாட்டார்." ஐந்தாறு சின்ன வாக்கியம். இதைச் சொன்ன பிறகு, "இதுக்குப் பேருதான் உயிர்த்தெழுதல்" என்று பெரிய சொல்லைக் கொடுங்கள். சொல் முதலில், விளக்கம் பின்னால் என்று போனால் நிற்காது.

"கல்லறை"யும் அப்படித்தான். பிள்ளை பார்த்த கல்லறை மண்ணைத் தோண்டி மேலே சிலுவை நட்டது. அதில் கல் எப்படிப் புரளும்? நல்லவேளை, சொல்லிலேயே விடை இருக்கிறது. கல், அறை. பாறையில் வெட்டின அறை, வாசலுக்குக் கல் கதவு. இதைப் பிரித்துச் சொன்னால் ஐந்து வயதுக்குக்கூட விளங்கும்.

பழைய ஏற்பாடு

விளக்குத்தண்டு சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வேதமே "நித்திரை" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. 1 தெசலோனிக்கேயர் 4-இல் நித்திரையடைந்தவர்கள் என்றுதான் இருக்கிறது. இறந்துபோன யவீருவின் மகளை இயேசுவே "தூங்குகிறாள்" என்றார். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று அறிவிப்புப் போடுவதும் நம் வழக்கம். பிள்ளைகளிடம் மட்டும் ஏன் மூச்சு நின்றது, காது கேட்கவில்லை என்று இவ்வளவு பச்சையாகச் சொல்ல வேண்டும்?

விளக்குத்தண்டு

ஐயா, அதே வேதத்தில் யோவான் 11 பாருங்கள். லாசரு நித்திரையாயிருக்கிறான் என்று இயேசு சொன்னதும், சீஷர்கள் "தூங்கினால் சுகமடைவான்" என்கிறார்கள். வளர்ந்த ஆட்களே சாதாரணத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் 14-ஆம் வசனத்தில் இயேசு வெளிப்படையாகவே, லாசரு மரித்துப்போனான் என்று சொல்லிவிடுகிறார். சீஷர்களுக்கே தேவைப்பட்ட தெளிவு நாலு வயதுக்கு வேண்டாமா?

நித்திரை என்பது விசுவாசத்தோடு சொல்லும் சொல். மரணம் என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு அது ஆறுதல். தெரியாத பிள்ளைக்கு இரண்டு கெடுதல் வரும். ஒன்று, இரவில் படுக்கப் பயப்படும், "நானும் தூங்கினா அப்படி ஆயிடுவேனா" என்று. இரண்டு, குடும்பத்தில் இறந்துபோனவர் ஏன் இன்னும் முழிக்கவில்லை என்று காத்திருக்கும்.

கிளைக்கூடு

குழந்தை உளவியல் பக்கமிருந்து ஒரு வார்த்தை. 1948-இல் மரியா நாகி என்பவர் ஹங்கேரியப் பிள்ளைகளிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டுப் பார்த்ததில், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதைத் திரும்பி வரக்கூடிய ஒரு பயணம்போலவோ தூக்கம்போலவோ நினைப்பது தெரியவந்தது. பின்னால் 1984-இல் ஸ்பீஸ், பிரென்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இறந்தவர் திரும்ப மாட்டார், உடம்பு வேலை செய்யாது, எல்லாருக்கும் இது உண்டு. இந்த மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள் பிடிபடுகிறது.

இது நம் வகுப்புக்கு ஏன் முக்கியம் என்றால், மரணம் திரும்பி வரக்கூடியது என்று நினைக்கும் பிள்ளைக்கு உயிர்ப்பு ஓர் அதிசயமே கிடையாது. "சரி, திரும்பி வந்தார்" என்று போய்விடும். ஏழு வயதுப் பிள்ளைதான் "அதெப்படி?" என்று நிமிர்ந்து உட்காரும். சின்னவர்கள் வாயைப் பிளக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அவர்களுக்குச் சந்திப்பும் பெயரும் போதும், அதிசயம் பின்னால் வரும்.

கடுகுமணி

அப்படியானால் "எங்க தாத்தாவும் மூணு நாள்ல வருவாரா?" என்று கேட்டால்?

கிளைக்கூடு

"இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "இல்லப்பா, தாத்தா மூணு நாள்ல வரமாட்டார். இப்போதைக்கு இயேசு மட்டும்தான் அப்படி வந்திருக்கார். ஒருநாள் தாத்தாவுக்கும் கடவுள் உயிர் கொடுப்பார்னு நாம நம்புறோம். அது எப்போன்னு நமக்குத் தெரியாது. அதுவரைக்கும் தாத்தா கடவுள்கிட்ட பத்திரமா இருக்கார்." பிறகு பிள்ளை பேசட்டும். அந்த வாரம் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், வீட்டில் வேறு பதில் வந்துவிடக் கூடாது.

இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவும் வந்தாரே என்று பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. லாசரு பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார், பிறகு ஒருநாள் மறுபடியும் இறப்பார். இயேசு இனி இறப்பதில்லை. இந்த வித்தியாசம் ஏழு, எட்டு வயதுக்குச் சொன்னால் புரியும்.

பாறைத்தோட்டம்

செய்துகாட்டும் பொருள் கேட்டிருந்தீர்கள். கல்லறைத் தோட்டம் ஒன்று செய்யுங்கள். கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது என்று யோவான் 19:41 சொல்கிறது, மரியாள் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்ததும் அதனால்தான். பொருளும் பாடமும் ஒன்றாகவே போகும்.

30 × 40 செ.மீ. தட்டு, 6 செ.மீ. ஆழம். அடியில் ஏழெட்டுத் துளை போடுங்கள், கீழே இன்னொரு தட்டு. துளை போட மனமில்லை என்றால் அடியில் 1 செ.மீ. கூழாங்கல் பரப்பலாம். மேலே 4 செ.மீ. மண். வாய் 8 செ.மீ. உள்ள சின்ன மண்சட்டியைப் படுக்கவைத்து, முதுகுப்பக்கம் மண்ணை அணைத்துக் குன்றாக்குங்கள். சட்டிக்குள் கீழ்ப்பாதியை மண்போட்டுச் சமமாக்கினால்தான் பொம்மை உருளாமல் படுக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், கதையின் நடுவில் பொம்மை உருண்டு வெளியே வந்துவிடும்.

வாசலுக்கு 10 செ.மீ. அகலமுள்ள தட்டையான கல். சட்டி வாயைவிட 2 செ.மீ. பெரிதாக இருந்தால் போதும். ரொம்பக் கனமானதை எடுக்காதீர்கள், விரல் நசுங்கும். ஆனால் ஊதினால் நகரும் அட்டைக் கல்லும் வேண்டாம். "நமக்காகக் கல்லைப் புரட்டுகிறவர் யார்" என்று பெண்கள் வழியில் பேசிக்கொண்டு போனார்கள் (மாற்கு 16:3). பிள்ளை கையை வைத்துத் தள்ளிப் பார்க்கும்போது அந்தக் கவலை கையிலேயே தெரிய வேண்டும்.

தட்டில் பாதிக்குக் கோதுமை விதையுங்கள். அந்த இடத்துக்கு 100 கிராம் போதும். 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, மண்மேல் பரப்பி, அரை செ.மீ. மண் தூவி மூடுங்கள். மூன்றாம் நாள் முளை, எட்டு ஒன்பதாம் நாள் ஒரு சாண் நெருங்கும். உயிர்த்த ஞாயிறுக்கு 9 நாள் முன்னால், அதாவது குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளி விதைத்தால் சரியாக வரும். இரண்டு வாரம் முன்னால் விதைத்தால் தாள் சாய்ந்து மஞ்சளடித்துவிடும். பூஞ்சை பிடிப்பதற்குக் காரணம் இரண்டுதான்: விதை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது, தண்ணீர் தேங்குவது. செம்பால் ஊற்றாமல் தெளிப்பானால் காலை மாலை தெளியுங்கள்.

"கோதுமை மணி நிலத்தில் விழுந்து செத்தால்" என்ற வசனத்தை ஆறு வயதுக்குக் கீழே விளக்கப் போகாதீர்கள். விதை சாகவில்லையே, முளைத்ததே என்று அவர்கள் சரியாகவே கேட்பார்கள். பார்க்கட்டும், தொடட்டும். அதுவே போதும்.

மழலைவகுப்பு

பாறைத்தோட்டம் சொன்னதோடு பொம்மைகளையும் சேர்த்துக்கொள்கிறேன். 7 செ.மீ. மரப்பொம்மை இரண்டு, முகம் வரைய வேண்டாம். ஒன்று இயேசு, ஒன்று மரியாள். 10 × 25 செ.மீ. வெள்ளைத் துணி ஒன்று, தலைக்கு 8 செ.மீ. சதுரத் துணி இன்னொன்று. தலைத்துணி தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று யோவான் 20:7 சொல்கிறதே, அதைப் பிள்ளைகள் விடாமல் கவனிப்பார்கள். திருடன் யாராவது துணியை மடித்து வைத்துவிட்டுப் போவானா என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு நல்ல பேச்சு அது.

பொம்மையை யாருக்கும் தெரியாமல் எடுத்து ஒளித்துவைத்துவிட்டு "பாருங்க, காணோம்!" என்று வித்தை காட்டாதீர்கள். பிள்ளைகள் உங்கள் பையைத்தான் பார்ப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இது பொம்மை, நான்தான் நகர்த்துவேன். நடந்ததைக் காட்டுறேன்." பிறகு அவர்கள் கண்முன்னே கல்லைத் தள்ளி, துணியைக் காட்டி, இயேசு பொம்மையைத் தோட்டத்தில் மரியாளுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். மரியாளைத் திருப்புங்கள். மெதுவாகத் திருப்புங்கள். அந்த இரண்டு நொடி பேசாமல் இருக்கத் தெரிந்தால் வகுப்பே அமைதியாகிவிடும்.

ரோமில் 1954-இல் சோஃபியா காவல்லெத்தியும் ஜியான்னா கோபியும் மாண்டிசோரி வழியில் தொடங்கிய மறைக்கல்வி முறை இப்படிச் சின்ன மரப்பொம்மைகளை வைத்துத்தான் நடக்கிறது. அதில் மூன்று வயதிலிருந்தே பிள்ளைகளுக்குக் கொடுப்பது நல்ல மேய்ப்பன் உவமை. அவர் தம் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறார் (யோவான் 10:3). குருத்தோலை ஞாயிறன்று அதைச் சொல்லிவைத்தால், அடுத்த வாரம் "மரியாளே" என்றதும் பிள்ளைகளே இரண்டையும் சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் முடிச்சுப் போட்டுக் கொடுக்கக்கூட வேண்டாம்.

ஓலைக்குருத்து

மார்ஷ்மெல்லோவை மாவில் பொதிந்து சுட்டு, வெந்ததும் உள்ளே காலியாக இருக்கும் பன் செய்யலாமா? பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்கிறார்களே.

பாறைத்தோட்டம்

பிடிக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பன்னில் மார்ஷ்மெல்லோ எங்கே போனது? உருகிவிட்டது. அதை இயேசுவின் உடல் என்று சொன்னால் பிள்ளைக்குப் போய்ச்சேருவது "உருகிப் போயிட்டார்". நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். அதோடு, ஓரம் சரியாக ஒட்டாவிட்டால் பாகு வெளியே கசிந்து தட்டில் கருகும், சூடான சர்க்கரை நாக்கையும் சுட்டுவிடும். தின்ன ஏதாவது வேண்டும் என்றால் சாதாரண ரொட்டியைப் பிட்டுக் கொடுங்கள். எம்மாவு என்ற ஊருக்குப் போன இரண்டு சீஷர்களும் உயிர்த்த இயேசுவைக் கண்டுகொண்டது ரொட்டியைப் பிட்டபோதுதான்.

கடுகுமணி

சிலுவையை எவ்வளவு சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கிளைக்கூடு

ஆறு வயதுக்குக் கீழே மூன்று வாக்கியம். "சில பேருக்கு இயேசுவைப் பிடிக்கல. அவரைச் சிலுவையில அறைஞ்சாங்க, அவர் இறந்துட்டார். அவர் நண்பர்கள் எல்லாம் ரொம்ப அழுதாங்க." ஆணி, முள், சாட்டை, இரத்தம் என்று அடுக்க வேண்டாம். படமும் காட்ட வேண்டாம். பயந்துபோன பிள்ளை அதற்குப் பிறகு எதையும் கேட்காது. ஞாயிறன்று நீங்கள் என்ன சொன்னாலும் அது வெள்ளியிலேயே நிற்கும். மரணத்தை அடியோடு விட்டுவிடுவதும் தவறு. இறக்காதவருக்கு உயிர் எப்படித் திரும்பும்?

"உன் பாவத்துக்காகத்தான் இயேசு செத்தார்" என்று சின்னப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஐந்து வயதில் காரணம் என்றால் நேர்க்காரணம்தான். நேற்று நான் பொம்மையை உடைத்தேன், அதனால் இயேசுவைக் கொன்றுவிட்டார்கள் என்று கணக்குப் போடும். "நம்ம எல்லார்மேலயும் இருந்த அன்பினால அவர் ஓடிப்போகல" என்று சொல்லுங்கள். பாவம், மன்னிப்பு என்ற பேச்சை எட்டு வயதுக்காரர்களோடு பேதுருவை வைத்துத் தொடங்கலாம். மூன்று முறை தெரியாது என்றவரை இயேசு மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

பழைய ஏற்பாடு

இதோடு சேர்த்து ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இயேசு யூதர். மரியாள், பேதுரு, யோவான் எல்லாரும் யூதர்கள். சிலுவைமரணம் ரோமத் தண்டனை, தீர்ப்புச் சொன்னவர் ரோம ஆளுநர் பிலாத்து. அந்த வாக்கியம் நூற்றாண்டுகளாக எத்தனை வன்முறைக்குச் சாக்கானது என்பது வரலாறு. கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இந்தப் பழியை வெளிப்படையாக மறுத்தது. சின்ன வயதில் விழுந்த சொல் லேசில் போகாது. "அதிகாரத்துல இருந்த சில பேர்" என்றால் போதும்.

நித்திரை விஷயத்தில் யோவான் 11-ஐ எடுத்துக்காட்டியது சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஓலைக்குருத்து

மூன்றாம் நாள் உயிர்த்தார் என்கிறோம், ஆனால் வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை எண்ணினால் இரண்டு நாள்தானே வருகிறது என்று கேட்கிறார்கள். முட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும்.

விளக்குத்தண்டு

அந்தக் காலத்துக் கணக்கில் தொடங்கின நாளும் முடிந்த நாளும் சேரும். மூன்று விரலை நீட்டச் சொல்லுங்கள்: வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்றாவது விரலில் வந்து நிற்கும். நடுவிரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதுதான் சனி. ஒன்றும் நடக்காத, எல்லாரும் வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்த நாள்.

முட்டை எளிது. முற்காலத்தில் தவக்காலத்தில் முட்டை சாப்பிடுவதில்லை, நோன்பு முடிந்ததும் சேர்ந்திருந்த முட்டையெல்லாம் பண்டிகைக்கு வந்தது. ஓட்டை உடைத்துக் குஞ்சு வருவதைக் கல்லறைக்கு ஒப்பிட்டார்கள். கீழைத் திருச்சபைகளில் சிவப்புச் சாயம் போடுவார்கள். அதை வகுப்பின் மையமாக்க வேண்டாம், கேட்டால் சொன்னால் போதும். முட்டைக்கூட்டுக்குள் சின்னப் பொருள் வைத்துக் கதை சொல்வதானால் 12 வேண்டாம், 5 போதும்: ஓலைத்துண்டு, ரொட்டி, சிலுவை, துணி, கல். 3 செ.மீ.க்குக் குறைந்த எதையும் மூன்று, நாலு வயதுக்காரர்கள் கையில் கொடுக்காதீர்கள், வாய்க்குத்தான் போகும்.

தேதி ஏன் மாறுகிறது என்று எட்டு வயதுக்காரர் கேட்டால், மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்று சொல்லுங்கள். மார்ச் 22-க்கு முன்னும் ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28.

மழலைவகுப்பு

பெரியவர்கள் நிச்சயம் கேட்கும் இன்னொரு கேள்வி: "அப்ப இயேசு பேயா வந்தாரா?" சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், சீஷர்களும் ஆவி என்றுதான் பயந்தார்கள். லூக்கா 24-இல் கையையும் காலையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு மீன் துண்டை வாங்கி அவர்கள் எதிரில் சாப்பிடுகிறார். பேய் மீன் சாப்பிடுமா என்று திருப்பிக் கேளுங்கள், அவர்களே பதில் சொல்வார்கள்.

கடுகுமணி

கடைசியாக ஒன்று. பெரிய வெள்ளியன்று சின்னவர்கள் வருவதில்லை. குருத்தோலை ஞாயிறு கொண்டாட்டத்திலிருந்து நேராக உயிர்த்த ஞாயிறுக்கு வந்து நிற்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாமல் கல்லறையைக் காட்டினால் எப்படி?

மழலைவகுப்பு

ஞாயிறன்று வகுப்பை மூடின கல்லறையோடு தொடங்குங்கள். தட்டின்மேல் கறுப்புத் துணி போட்டு மூடியிருக்கட்டும். பிள்ளைகள் உட்கார்ந்ததும் துணியை எடுங்கள், கல் வாசலில் இருக்கும். கிளைக்கூடு சொன்ன மூன்று வாக்கியத்தை அங்கே சொல்லுங்கள். விளக்குத்தண்டு சொன்ன விரல் கணக்கு. அதற்கு ஒன்றரை நிமிடம். பிறகு கல்லில் கை வையுங்கள்.

கதை முடிந்ததும் தோட்டத்தை உடனே கலைக்காதீர்கள். பாஸ்கா காலம் 50 நாள், பெந்தெகொஸ்தே வரை. தாள் நீண்டுவிட்டால் கத்தரியால் பாதியாக வெட்டுங்கள், மறுபடி துளிர்க்கும். அடுத்த ஞாயிறு, நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷர் தோமாவின் கதை, அதற்கடுத்த ஞாயிறு கடற்கரையில் கரி நெருப்பும் மீனும் ரொட்டியும் (யோவான் 21). அதே பொம்மைகளே போதும்.

உயிர்த்த ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே விடும்போது ஒருவர் வாசலில் நில்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இயேசு உயிரோட இருக்கார், உன்னை அவருக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்புங்கள். 18 பிள்ளைக்கு மூன்று நிமிடம் ஆகும், அந்த நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பண்டிகை நாளில் விருந்தினர் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். வந்ததும் பெயரைக் கேட்டு எழுதி கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாது.